டெசர்ட் வைனுக்கு ‘இன்தேறல்’

பாரிஸில் இருக்கும் மருமகள் போன ஆடியில் ஊருக்கு வந்தபோது அரைப் போத்தல் சோத்தேர்ன் கொண்டு வந்தாள். பிரெஞ்சு டெசர்ட் வைன், அதாவது இனிப்பு வைன். பொன்னிறம். “என்ன பிள்ளை இது?” என்று பெரியம்மா கேட்க, பக்கத்தில் இருந்தவர் “இனிப்புத் திராட்சை ரசம்” என்றார். பெரியம்மா கிளாஸில் இரண்டு விரல் அளவு ஊற்றிவிட்டு, கலப்பதற்குத் தண்ணீர்ச் செம்பை எடுத்தார். அவரில் பிழை இல்லை. யாழ்ப்பாணத்தில் ரசம் என்றால் தோலகட்டி ஊரில் செய்யும் நெல்லிரசம். தண்ணீர் கலந்து சின்னப் பிள்ளைக்கும் கொடுப்பது. பிழை அந்த மொழிபெயர்ப்பில்.

டெசர்ட் என்பது சாப்பாட்டு மேசையை ஒதுக்குவதைக் குறிக்கும் பிரெஞ்சு வினையில் பிறந்தது. தட்டுகளை எடுத்தபின் வருவது. வைன், லத்தீன் ‘வீனும்’. சோத்தேர்ன், பிரான்சின் போர்தோ நகருக்குத் தெற்கே உள்ள ஊர்; அதன் பெயரே வைனுக்கும்.

சரி, ரசம் ஏன் கூடாது? ரசம் பிழிந்த சாறு. வைன் புளித்து, வெறி ஏறியது. இந்த வேறுபாட்டை மறைக்கும் சொல் எவ்வளவு பழையதானாலும் பொதுவழக்குக்கு உதவாது. விவிலியத்தில் கானாவூர்க் கலியாணத்துத் திராட்சரசம் இருக்கிறதே என்பார்கள். அங்கே கதையே பொருளைச் சொல்லிவிடுகிறது. கோயிலில் அந்தச் சொல் இருக்கட்டும். உணவகத்துப் பட்டியலில் அப்படி இல்லை. விரதக்காரருக்கும் மருந்து எடுப்பவருக்கும் கிளாஸில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். ‘திராட்சை மது’ இதைவிட நேர்மையானது, ஆனால் சாராயமும் மது, விஸ்கியும் மது. (திராட்சையை நாங்கள் முந்திரிகை என்போம். தமிழகத்தார் அதைக் கஜு என்று எடுத்துக்கொள்வார்கள் என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.)

நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. புறநானூறு 56இல் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை ‘யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்’ அருந்தி வாழச் சொல்கிறார். கடல் கடந்து மேற்கிலிருந்து வந்த, குளிர்ந்து மணக்கும் குடிவகை. வைனுக்கு இதைவிடப் பொருத்தமான சான்று வேண்டுமா? தேறு என்றால் தெளி. மண்டி அடங்கித் தெளிந்தது தேறல். திருமுருகாற்றுப்படை ஓதுகிற வீடுகளில் ‘நீடமை விளைந்த தேக்கள் தேறல்’ காதில் விழுந்திருக்கும். அது மூங்கிலில் நாள்பட விளைந்தது. சோத்தேர்னும் ஓக் பீப்பாயில் நாள்பட விளைவதுதான். பழந்தேறலில் கள்ளும் அடங்கும் என்பது உண்மை. கள்ளுக்கு இன்று கள்ளு என்ற பெயரே போதும். தேறல் சும்மா கிடக்கிறது. அதை வைனுக்குக் கொடுப்போம். இனிப்பானது இன்தேறல்.

இன்னொரு மொழிபெயர்ப்பும் என்னைக் குடைகிறது: சோத்தேர்னுக்கு இனிப்பைச் செறிக்கும் ‘நோபிள் ராட்’ என்பதை ‘உன்னத அழுகல்’ என்பது. சோத்தேர்ன் பக்கத்தில் சிரோன் என்ற குளிர்ந்த சிற்றாறு கரோன் ஆற்றோடு சேரும் இடத்தில் இலையுதிர்காலக் காலைகளில் மூடுபனி எழும். அந்த ஈரத்தில் போட்ரிட்டிஸ் என்ற பூஞ்சணம் செமியோன் என்ற வகைத் திராட்சைப் பழத்தைப் பிடித்துத் தோலைத் துளைக்கும். மத்தியான வெயிலில் உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாக, இனிப்பும் புளிப்பும் செறிந்து பழம் சுருங்கும். வெயில் வராமல் ஈரமே நின்றால்தான் பழம் உண்மையில் அழுகும். அந்த அறுவடை வீண். ஆக, தோட்டக்காரர் அஞ்சுகிற விளைவின் பெயரையே அவர் விரும்புகிற விளைவுக்கு ‘உன்னத’ என்ற ஒட்டோடு வைத்திருக்கிறார்கள். மிளகாயை வெயிலில் வத்தலாக்குகிற ஊரில் இதற்கு ‘நல்வாடல்’ என்று சொல்ல யாருக்கும் அகராதி தேவையில்லை. அகராதியை மட்டும் பார்த்து, பொருளைப் பாராமல் மொழிபெயர்ப்பவர்களால்தான் தமிழ் விளங்காத மொழி என்ற பெயர் வாங்குகிறது.

‘இனிப்புகளுடன் அருந்தும் வைன்’ என்று எழுதுவதும் அரைகுறை. பிரான்சில் இதற்குப் பேர்போன துணை ரொக்போர். செம்மறிப் பாலில் செய்த, நீலம் பூத்த, உப்புக் கூடிய சீஸ். வாத்து ஈரலும் உண்டு. இனிப்பு வைப்பதானால், அது தேறலைவிட இனிப்புக் குறைந்ததாக இருக்க வேண்டும். நாங்கள் முதலில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வெட்டி வைத்தோம். அதன் இனிப்பில் தேறல் புளித்தது. அப்புறம் பெரியம்மா சுட்ட பனங்காய்ப் பணியாரம் வந்தது. அதன் லேசான கைப்புக்கும் எண்ணெய்க்கும் குளிர்ந்த தேறல் அவ்வளவு பொருத்தம்.