கொதிக்க வைத்தால் போகாதது

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஒரு தாமான் (குடியிருப்பு) கூட்டத்தில் குடிநீர் பற்றிப் பேசப் போயிருந்தேன். முன்வரிசை அக்கா ஒருவர் எழுந்தார். "தண்ணிய ரெண்டு தடவ கொதிக்க வெச்சுத்தான் குடிக்கிறோம் தம்பி, அப்புறம் என்ன?" கிருமிக்கு அது போதும். ஹார்மோனைக் குழப்பும் ரசாயனங்களுக்குப் போதாது. அவற்றுள் ஒன்றான, சில பிளாஸ்டிக்குகளில் உள்ள பிஸ்பினால்-ஏ 100 டிகிரியில் சிதையாது. நீர் ஆவியாக ஆக, மிஞ்சிய நீரில் செறிவு சற்றுக் கூடத்தான் செய்யும்.

இவற்றுக்கு மிகச் சிறிய அளவே போதும். கனடாவில் 2001 முதல் மூன்று ஆண்டுகள், ஓர் ஏரியில் லிட்டருக்கு ஐந்தாறு நானோகிராம் மட்டும் கருத்தடை மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைக் கலந்து பார்த்தார்கள். ஒரு கிராமை 100 கோடியாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நானோகிராம். ஆண் மீன்களின் உடலில் முட்டைக்கான புரதம் உருவானது. அங்கிருந்த சிறுமீன் இனம் ஏறக்குறைய அழிந்தே போனது.

கூட்டத்தில் ஒரு கண்ணாடிக் குவளையில் மெத்திலீன் நீலம் என்ற சாயம் இரண்டு சொட்டு விட்டேன். தேங்காய்ச் சிரட்டையில் செய்த ஊக்கப்பட்ட கரியை ஒரு கரண்டி போட்டுக் கலக்கி, சற்றுப் பொறுத்து வடிகட்டினேன். நீலம் இல்லை. பிஸ்பினால்-ஏயையும் ஈஸ்ட்ரோஜனையும் கரி இப்படித்தான் பிடித்துக்கொள்கிறது. அடுப்புக்கரியால் இது ஆகாது. 800 டிகிரிக்கு மேல் நீராவி பாய்ச்சினால் கரிக்குள் நுண்துளைகள் திறக்கும். அப்போது ஒரே கிராமில் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் பரப்பு கிடைக்கும். சிரட்டையும் செம்பனைக் கொட்டை ஓடும் மலிந்த நம் நாட்டில் என் முதல் தேர்வு இதுதான்.

ஆனால் துளைகள் நிரம்பிவிட்டால் கரி சும்மா கிடக்கும். வாங்கி மாட்டியதோடு ஆண்டுக்கணக்கில் கழற்றாத கரி ஃபில்டர்களைப் பல வீடுகளில் பார்க்கிறேன். மனம் பதறுகிறது.

சிப்பிக் காளான் சுரக்கும் லாக்கேஸ் என்ற நொதிக்கு இன்னொரு சிறப்பு: அது பிஸ்பினால்-ஏயைப் பிடித்துவைப்பதில்லை, உடைத்தே விடுகிறது. காளான் அறுத்தபின் எறியும் படுகையிலும் இந்த நொதி இருக்கும். கழிவுநீருக்கு இது நல்ல வழி. குடிநீருக்கு வீட்டில் முயல வேண்டாம்.

மீந்த மாத்திரைகளைக் கழிப்பறையில் கொட்டாதீர்கள். அரசாங்க மருத்துவமனை மருந்தகத்தில் திருப்பிக் கொடுக்கலாம்.

கூட்டம் முடிந்ததும் அந்த அக்கா கேட்டார்: "எங்க ஃபில்டர் எப்ப மாத்தினதுன்னு தெரியலையே தம்பி." புதிதாக மாட்டும்போது அதன் மேல் ஒரு டேப் ஒட்டித் தேதி எழுதச் சொன்னேன்.