20 இன்ச் வீல் வாங்குனா உண்மையில என்னதான் பெருசாகுது?

என் சித்தப்பா பையன் போன மாசம் ராத்திரி பத்தரை மணிக்கு போன் பண்ணான். ஹைவேல ஒரு பாலம் ஏறுற எடத்துல டமால்னு சத்தம், அடுத்த நிமிஷமே டேஷ்போர்டுல டயர் பிரஷர் லைட்டு, ஓரங்கட்டி எறங்கிப் பாத்தா முன்னாடி லெஃப்ட் டயர் சப்பையா உக்காந்திருக்கு. "அண்ணா, டிக்கில ஸ்டெப்னியே இல்லண்ணா." கார்பெட்டைத் தூக்குனா ஒரு குட்டி கம்ப்ரஸரும் பால் பாட்டில் சைசுல ஒரு சீலன்ட்டும் (ஓட்டையை அடைக்கற திரவம்) மட்டும் இருந்துச்சாம். அதை அடிச்சுப் பாத்திருக்கான், உள்ள போன வேகத்துலயே வெள்ளையா சைடுல வழிஞ்சு ரோட்டுக்கு வந்துருச்சு. அப்புறம் லாரி வரவெச்சு வண்டிய ஏத்தி வீடு வந்து சேர விடியக்காலம் ஆயிருச்சு.

வண்டி எந்த கம்பெனின்னு வேணாம், சின்ன சைஸ் லக்ஸுரி எஸ்யூவி, வாங்கி ஆறு மாசத்துலயே கம்பெனி வீலைக் கழட்டி வெச்சுட்டு 20 இன்ச் போட்டிருந்தான். மறுநாள் டயர் கடையில நானும் கூடப் போனேன். டயரை கழட்டிப் போட்டு கடைக்காரர் உள்பக்கம் விரலை விட்டுக் காட்டுனாரு, சைடுவால்ல, அதாவது டயரோட பக்கச் சுவர்ல, ஒண்ணுக்கு மேல ஒண்ணா ரெண்டு வெட்டு, நடுவுல ரெண்டு விரக்கடை இடைவெளி, பாம்பு கடிச்ச மாதிரி. "டயர் மட்டமாண்ணா?"ன்னு கேட்டான். டயர் மேல தப்பில்ல. ஆனா ஏன் இல்லன்னு சொல்லணும்னா டயர் மேல எழுதியிருக்கற நம்பர்லேர்ந்து ஆரம்பிக்கணும்.

உதாரணத்துக்கு பிஎம்டபிள்யூ எக்ஸ்1 எடுத்துக்கறேன், ஏன்னா அதோட சைஸ் வரிசை அழகா இருக்கும், அதுவும் போக நம்ம செங்கல்பட்டு பக்கம் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டி ஃபேக்டரில அசெம்பிள் ஆகற வண்டி. 2022ல வந்த மாடலுக்கு ஐரோப்பாவுல நாலு சைஸ் உண்டு: 205/65 ஆர்17, 225/55 ஆர்18, 245/45 ஆர்19, 245/40 ஆர்20. மொத நம்பர் டயரோட அகலம், மில்லிமீட்டர்ல. ரெண்டாவது சைடுவால் உயரம், ஆனா மில்லிமீட்டர்ல இல்ல, அகலத்துல எத்தனை சதவீதம்னு. ஆர்னா ரேடியல். கடைசி நம்பர் ரிம்மோட விட்டம், அது இன்ச்சுல. ஒரே வரில மெட்ரிக், சதவீதம், இன்ச் மூணையும் கலந்து வெச்சவன் யாருன்னு தெரியல, ஆனா உலகமே அப்படித்தான் எழுதுது.

இப்ப கணக்கு போடுங்க. 18 இன்ச்சுன்னா ரிம் 457 மிமீ. 225ல 55 சதவீதம் 124 மிமீ, அது மேல ஒண்ணு கீழ ஒண்ணு, மொத்தம் சுமாரா 705 மிமீ. 20 இன்ச்சுக்கு ரிம் 508, சைடுவால் 98, ரெண்டு பக்கமும் சேத்தா மொத்தம் 704. அட, ஒரு மில்லிமீட்டர் கம்மி! 17 இன்ச்சுக்கு 698, 19க்கு 703. நாலும் தரையில நிக்கும்போது கிட்டத்தட்ட ஒரே உயரம்தான். அதாவது 20 இன்ச் வாங்குறவன் பெரிய சக்கரம் வாங்கல, அதே சக்கரத்துக்குள்ள ரப்பரையும் காத்தையும் குறைச்சுட்டு அலுமினியத்தை அதிகமாக்கி வாங்குறான். 17லேர்ந்து 20க்கு போனா தரைக்கும் உலோகத்துக்கும் நடுவுல இருக்கறது 133 மிமீலேர்ந்து 98 மிமீக்கு எறங்குது. "பெரிய வீல் போட்டா பள்ளம் தெரியாது"ன்னு சொல்றவங்க இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாக்கணும். பள்ளத்துல எறங்கி ஏறறதுக்கு உதவுறது டயரோட மொத்த விட்டம், ரிம்மோட விட்டம் இல்ல. மாட்டு வண்டி சக்கரம் பள்ளத்தை தாண்டுறது அது மொத்தமா பெருசுங்கறதால.

சரி, அந்த 35 மில்லிமீட்டர் போனா என்ன ஆகும்? டயர்ங்கறது அடிப்படையில ஒரு காத்து ஸ்பிரிங். நம்ம சஸ்பென்ஷன்ல இருக்கற இரும்பு ஸ்பிரிங் மெதுவானது, காரோட பாடி அது மேல செகண்டுக்கு ஒண்ணு ஒண்ணரை தடவை ஆடும், அதைத்தான் நம்ம உடம்பு "சொகுசு"ன்னு எடுத்துக்குது. டயர் அதைவிட எட்டு பத்து மடங்கு கெட்டி. வீல், பிரேக், ஹப் எல்லாம் சேந்து ஒரு மூலைக்கு 40, 50 கிலோ எடை இந்த கெட்டி ஸ்பிரிங் மேல செகண்டுக்கு பத்து பதினஞ்சு தடவை துள்ளும். ரோட்டுல இருக்கற சின்னச் சின்ன வெட்டு, ஒட்டு, பாலத்து ஜாயின்ட் இதெல்லாம் சஸ்பென்ஷன் வரைக்கும் போய் சேர நேரமே இருக்காது, அதுக்கு முன்னாடியே டயர்தான் அதை முழுங்கணும். சைடுவால் குட்டையானா பொதுவா அந்த காத்து ஸ்பிரிங் இன்னும் கெட்டியாகும், அதனாலதான் 20 இன்ச் வண்டில ஸ்பீட் பிரேக்கர் மேல பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனா ஒட்டுப் போட்ட ரோட்டுல 30 கிமீல போனா கடகடன்னு ஸ்டியரிங்ல வந்து அடிக்கும்.

பள்ளம் வேற கதை. விளிம்பு கூரா இருக்கற பள்ளத்துல வீல் எறங்கி எதிர் விளிம்புல மோதுற அந்தக் கணத்துல டயர் உள்ள அமுங்கிக்கிட்டே போகும், அமுங்க எடம் தீர்ந்துச்சுன்னா சைடுவால் ரிம்மோட உதட்டுக்கும் பள்ளத்து விளிம்புக்கும் நடுவுல மாட்டும், பாக்குவெட்டில பாக்கு மாட்டுற மாதிரி. சைடுவால் அந்த எடத்துல மடிஞ்சு ரெட்டையா இருக்கும், அதனால வெட்டும் ரெண்டு விழும். தம்பி டயர்ல பாத்த பாம்புக்கடி இதுதான். வெட்டு விழலன்னாலும் உள்ள இருக்கற பாலியஸ்டர் நூல் அறுந்துரும், ரப்பர் மட்டும் தாங்கும், ரெண்டு நாள்ல அந்த எடம் எலுமிச்சம்பழம் மாதிரி புடைச்சு நிக்கும். பல்ஜ்னு கடையில சொல்றது அதைத்தான். அதை ஒட்ட முடியாது. ஆணி குத்துறது டிரெட்ல, அதாவது தரையில படற பாகத்துல, அங்க எஃகு பெல்ட் இருக்கு, பஞ்சர் போடலாம். சைடுவால்ல எஃகு பெல்ட் கிடையாது, வளையறதே அதோட வேலை, அதனால அங்க வெட்டுன்னா டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

அமுங்குற எடம் கம்மியானா ஆபத்து எவ்வளவு கூடுதுங்கறதுல ஒரு சூட்சுமம் இருக்கு. ஸ்பிரிங் உள்வாங்குற ஆற்றல் அமுங்குற தூரத்தோட வர்க்கத்துல போகும். 133 மிமீ முழுசும் அமுங்காது, ரிம் உதடு ஒரு 17 மிமீ வெளிய நீட்டிட்டு இருக்கும், டிரெட்டோட தடிப்பு இன்னொரு பத்து பதிமூணு மிமீ, இந்த முப்பதை ரெண்டு சைஸ்லயும் கழிச்சா 17 இன்ச்சுக்கு 103, 20 இன்ச்சுக்கு 68தான் மிச்சம். ஒண்ணரை மடங்கு தூரம், வர்க்கம் பண்ணா ரெண்டு மடங்குக்கு மேல. நிஜ டயர் இவ்வளவு சுத்தமான ஸ்பிரிங் இல்ல, ஆனா போற திசை இதுதான். வேகமும் வர்க்கத்துலதான் ஏறும், 40ல போறவன் 60க்கு மாறுனா அடியோட ஆற்றல் 2.25 மடங்கு. ராத்திரி, ஹைவே, 20 இன்ச், காத்து கொஞ்சம் கம்மி, எல்லாம் சேந்தா என்ன நடக்குமோ அதுதான் நடந்துச்சு.

அப்ப பெரிய ரிம்முல நல்லதே இல்லையா? இருக்கு. ஸ்டியரிங்கை திருப்புனா மொதல்ல திரும்புறது ரிம், அப்புறம் சைடுவால் முறுக்கிக்கும், அதுக்கப்புறம்தான் தரையில பட்டிருக்கற ரப்பர் திரும்பும். உயரமான சைடுவால்னா இந்த இடைவெளி கொஞ்சம் அதிகம், குட்டைன்னா டக்குனு கேக்கும். ஜெர்மனில ஆட்டோபான்ல 180ல போயிட்டு லேன் மாறுறவனுக்கு அது பெரிய விஷயம். பெரிய பிரேக் டிஸ்க் வெச்ச மாடல்னா அது உள்ள அடங்கவே பெரிய ரிம் வேணும். மத்தபடி அழகு. இன்னிக்கு எஸ்யூவிக்கு கதவு உயரம், ஜன்னல் சின்னது, அந்த பெரிய தகரத்துக்கு கீழ குட்டி ரிம் வெச்சா தேர் மாதிரி இருக்கற வண்டி பொம்மை வண்டி மாதிரி தெரியும், டிசைனருங்க வரையறப்பவே சக்கரத்தை பெருசாத்தான் வரைவாங்க. அழகுக்கு வாங்குறது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், அழகுக்குத்தான் வாங்குறோம்னு தெரிஞ்சு வாங்குனா போதும்.

அகலமான டயர்னா நிறைய ரப்பர் தரையில படும்னு ஒரு நம்பிக்கை இருக்கு, அதுவும் பாதிதான் நிஜம். ஆளோட சேத்து வண்டி 1,700 கிலோன்னா ஒரு வீலுக்கு 425 கிலோ. காத்து 33 பிஎஸ்ஐ. எடையை அழுத்தத்தால வகுத்தா சுமார் 180 சதுர சென்டிமீட்டர், விரலை விரிச்சு வெச்ச ஒரு உள்ளங்கை அளவு. அவ்வளவுதான் ஒரு டயர் தரையைத் தொடறது. டயரை அகலமாக்குனா அந்த உள்ளங்கை அகலமாகி நீளம் குறையும், பரப்பு பெருசா மாறாது. அந்த வடிவ மாற்றம் காஞ்ச ரோட்டுல வளைவுல உதவும். மழைத்தண்ணி தேங்குன ரோட்டுல அதே அகலம் எதிரி, தண்ணிய ஒதுக்கித் தள்ள அகலமான டயருக்கு வேலை அதிகம், வழுக்கறதுக்கு வாய்ப்பும் அதிகம்.

எடையையும் சொல்லிடறேன். பார்க்குல ராட்டினத்துல பசங்க நடுவுல உக்காந்தா தள்ளறது ஈஸி, ஓரத்துல உக்காந்தா முதுகு கழண்டுரும். ரிம் பெருசாகும்போது அலுமினியம் ஓரத்துக்கு நகருது, பெரும்பாலும் மொத்த எடையும் ஏறுது. 2010ல அமெரிக்காவுல கார் அண்ட் டிரைவர் பத்திரிகை ஒரே ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப்ல 15லேர்ந்து 19 இன்ச் வரைக்கும் மாத்தி மாத்தி ஓட்டிப் பாத்தாங்க. மைலேஜ் சுமார் 10 சதவீதம் அடி வாங்குச்சு, பிக்கப் சுமார் 4 சதவீதம். அது எஸ்யூவி இல்ல, ஆனா இயற்பியல் அதேதான். எலக்ட்ரிக் வண்டில இதே விஷயம் ரேஞ்ச்ல போய் நிக்கும், அதனாலதான் அங்க கம்பெனியே வீல் சைசுக்கு சைஸ் தனித்தனி ரேஞ்ச் போடுது.

ஜெர்மன்காரன் 20 இன்ச் எடுக்கறதை வெச்சு நாமளும் எடுக்கறதுல இன்னொரு சிக்கல். அங்க அக்டோபர்லேர்ந்து ஈஸ்டர் வரைக்கும் பனிக்கால டயர்னு ஒரு வழக்கம் உண்டு, ரோட்டுல பனி இருந்தா அந்த டயர் சட்டப்படியே வேணும். அதனால நிறைய பேர் ரெண்டு செட் வீல் வெச்சிருப்பாங்க, கோடைக்கு பளபளன்னு பெரிய செட், குளிருக்கு குட்டி ரிம்முல தடிச்ச சைடுவால். பள்ளமும், பனி உருக ரோட்டுல தூவுற உப்பும் சேந்து வர்ற மாசத்துல அவங்க அழகு வீல் கராஜுல தூங்கும். நமக்கு அது ஒரே செட்டு, வருஷம் பூரா.

ஸ்டெப்னி கதைக்கு வர்றேன். 2020ல மத்திய அரசு மோட்டார் வாகன விதியை திருத்துச்சு, டியூப்லெஸ் டயர், பிரஷர் காட்டுற சிஸ்டம், ரிப்பேர் கிட் மூணும் இருந்தா கார்ல ஸ்டெப்னி கட்டாயம் இல்லன்னு. ஆணி குத்துனதுக்கு அந்த கிட் போதும். ஆனா டயர் குட்டையாக ஆக நம்ம பஞ்சர் ஆணிலேர்ந்து சைடுவால் வெட்டுக்கு மாறுது, கிட்டால அதை அடைக்க முடியாது, தம்பிக்கு வழிஞ்ச மாதிரி வழியும். ஸ்டெப்னி இல்லாத வண்டில 20 இன்ச் போடறதுக்கு முன்னாடி நான் ரெண்டு தடவை யோசிப்பேன், சைடுவாலே எடையைத் தாங்குற ரன்ஃபிளாட்னா பரவால்ல, காத்து போனாலும் 80 கிமீ வேகத்துல 80 கிமீ தூரம் வரைக்கும் ஓட்டலாம், ஆனா அந்த கெட்டி சைடுவால் சொகுசையும் கொஞ்சம் சாப்பிட்டுரும்.

வெளிய கடையில சைஸ் மாத்துறவங்களுக்கு ஒண்ணு. மொத்த விட்டம் மாறக்கூடாது. 225/55 ஆர்18 இருந்த எடத்துல "கெத்தா இருக்கும் சார்"னு 255/50 ஆர்19 போட்டா விட்டம் 705லேர்ந்து 738 ஆகும், கிட்டத்தட்ட 4.7 சதவீதம் கூட. ஸ்பீடோமீட்டர் வீல் எத்தனை சுத்து சுத்துதுன்னு எண்ணித்தான் வேகம் சொல்லுது, அதுக்கு டயர் பெருசானது தெரியாது. ஐநா விதி 39படி கம்பெனி ஸ்பீடோ நிஜ வேகத்தைவிட கம்மியா காட்டவே கூடாது, அதனால கொஞ்சம் கூட்டித்தான் வெச்சிருப்பாங்க, அந்த மிச்சத்தை நீங்க டயர்ல தின்னுடறீங்க. பிசிடி (போல்ட் ஓட்டைங்க அமைஞ்ச வட்டத்தோட அளவு), ஆஃப்செட் (ரிம் எவ்வளவு உள்ள, வெளிய உக்காரும்ங்கறது), நடு ஓட்டை அளவு இதெல்லாம் கடைக்காரர் பாப்பாரு, லோடு இண்டெக்ஸை, அதாவது ஒரு டயர் எவ்வளவு எடை தாங்கும்னு சொல்ற நம்பரை, யாரும் பாக்கறதில்ல, நீங்க பாருங்க. 99னா 775 கிலோ, 102னா 850 கிலோ. கம்பெனி சொன்னதுக்கு கீழ போகக் கூடாது.

இதெல்லாம் கடை வாசல்ல டீ குடிச்சுக்கிட்டே அவன்கிட்ட சொன்னதுதான், பேப்பர்ல கணக்கு மட்டும் போட்டுக் காட்டலை. மிச்ச மூணு வீலையும் கழட்டி உள்பக்கம் பாக்கச் சொன்னேன், ஏன்னா பல்ஜ் உள்பக்கம் வந்தா வெளியிலேர்ந்து தெரியாது. பின்னாடி லெஃப்ட்ல ஒண்ணு இருந்துச்சு, நெல்லிக்கா சைஸ்ல, அதே பாலத்துல வாங்குனதாத்தான் இருக்கணும். அதை தடவிப் பாத்துட்டு கொஞ்ச நேரம் பேசாம நின்னான். அப்புறம் கடைக்காரர்கிட்ட போய், "வீட்டுல கம்பெனி வீல் 18 இருக்குண்ணே, எடுத்துட்டு வர்றேன், அதுக்கு பிளாக் பெயின்ட் அடிக்க எவ்ளோ ஆகும்?"னு கேட்டான்.