பிலிம் போதாது, சிடியையும் கேட்டு வாங்குங்கள்

காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மா. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். (யாரென்று தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) விடியற்காலை ஏலம் முடிந்து கூடையைத் தூக்கிய நொடியில் அவருக்குத் தலைவலி வந்தது. "தலைக்குள்ள பட்டாசு வெடிச்ச மாதிரி இருந்துச்சு மேடம்" என்று பிறகு சொன்னார். இரண்டு முறை வாந்தி, கழுத்தைக் குனிய முடியவில்லை. சுற்றி இருந்தவர்கள் ராத்திரித் தூக்கம் இல்லாததால் வந்தது என்று நினைத்து சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். மகன்தான் ஆட்டோ பிடித்து ஸ்கேன் எடுக்க வைத்தார். மூளையைச் சுற்றி ரத்தக் கசிவு இருந்தது. சாயம் ஏற்றி, ரத்தக்குழாய்களைக் காட்டும் ஆஞ்சியோ ஸ்கேனும் எடுத்து, மூளை அறுவை சிகிச்சை செய்யும் எங்களிடம் அனுப்பினார்கள்.

அந்தத் தம்பி பெரிய கவர் நிறைய பிலிமோடு வந்து நின்றார். "சிடி எங்க தம்பி?" என்று கேட்டேன்.

"பிலிம் இருக்குதே மேடம். சிடி வேணுமான்னு கேட்டாங்க, அது எதுக்குன்னு வேணாம்னுட்டேன்."

பைக்கில் போய் சிடியை வாங்கிக்கொண்டு அவர் திரும்ப முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த அம்மாவுக்கு இருந்தது அனியூரிசம். பழைய சைக்கிள் டியூபில் காற்றடித்தால் தேய்ந்த இடம் மட்டும் புடைக்குமே, அதுபோல மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிளை பிரியும் இடத்தில் சுவர் பலவீனமாகிக் குமிழ் போலப் புடைத்துக்கொள்ளும். பெரியவர்களில் 100 பேரில் சுமார் 3 பேருக்கு இப்படி ஒரு குமிழ் இருக்கலாம். பெரும்பாலோருக்கு அது கடைசிவரை வெடிக்காது, இருப்பதே தெரியாது. ஆனால் வெடித்துவிட்டால் முதல் 24 மணி நேரம்தான் பெரிய கண்டம், ஏனென்றால் மறுபடி வெடிக்கும் ஆபத்து அப்போதுதான் அதிகம். இரண்டாவது கசிவு முதல் கசிவைவிட மோசமாக இருக்கும். அதனால்தான் முடிந்தவரை சீக்கிரம் அந்தக் குமிழை அடைத்துவிடப் பார்க்கிறோம்.

அடைக்க முக்கியமாக இரண்டு வழி. மண்டையைத் திறந்து குமிழின் கழுத்தில் ஒரு சின்ன கிளிப் மாட்டலாம். அமெரிக்காவில் வால்டர் டேண்டி 1937-ல் செய்தது இதைத்தான். இல்லாவிட்டால் தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய டியூபைச் செலுத்தி, குமிழுக்குள் பிளாட்டினக் கம்பிச் சுருளை நிரப்பலாம். அதைக் காயில் என்கிறோம். இரண்டுக்கும் தோதான நோயாளிகளில், கிளிப் போட்டவர்களைவிடக் காயில் வைத்தவர்களில் அதிகம் பேர் ஓராண்டுக்குப் பிறகு நன்றாக இருந்தார்கள் என்று 2002-ல் வெளியான 2143 பேர் கொண்ட ஆய்வு காட்டியது. ஆனால் எல்லாக் குமிழும் இரண்டுக்கும் தோதாக இருப்பதில்லை. கழுத்து குறுகலாக இருந்தால் காயில் உள்ளே நிற்கும். அகலமாக இருந்தால் நழுவி வெளியே வரப் பார்க்கும், கூடவே அதைத் தாங்க ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வேண்டியிருக்கும். குமிழின் அடியிலிருந்தே ஒரு கிளை புறப்பட்டால் கணக்கே மாறிவிடும். எந்த வழி என்று குமிழின் உருவம்தான் சொல்ல வேண்டும். அந்த உருவத்தை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்க எங்களுக்கு சிடி தேவை.

பிலிம் தாளில் இருபது முப்பது கட்டங்கள்தான் இருக்கும். ஸ்கேன் மெஷின் எடுத்ததோ அரை மில்லிமீட்டர் அளவில் நறுக்கிய பல நூறு படங்கள். சிடியில் இருக்கும் அவற்றை டைகாம் (ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் கம்ப்யூட்டர் முறை) பைல்களாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினால், அடுக்கி வைத்த அப்பளக் கட்டை மறுபடி முழு உருண்டையாக்குவது போல, அந்த நோயாளியின் மண்டையோடும் ரத்தக்குழாயும் கண்முன் எழுந்து நிற்கும். பிலிமை போனில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அவசரம்தானா என்று சொல்ல முடியும். அதை வைத்து ஆபரேஷனைத் திட்டமிட முடியாது.

சிடி வந்ததும் அன்று இரவு என்ன செய்தோம் என்று சொல்கிறேன். திரையில் அந்த அம்மாவின் தலையை, ஆபரேஷன் மேஜையில் எப்படித் திருப்பி வைப்போமோ அப்படியே திருப்பினோம். வலது நெற்றிப் பொட்டருகே எலும்பில் ஒரு ஜன்னல் வெட்டினோம். எல்லாம் திரையில்தான். உள்ளே குமிழ் 7 மில்லிமீட்டர், கழுத்து 4 மில்லிமீட்டர். கழுத்தின் பாதியை ஓர் எலும்பு முனை மறைக்குமோ என்று முதலில் பயந்தோம். மறைத்தால் அதைத் தேய்த்து எடுக்க வேண்டும், அதற்கு நேரமும் ஆகும், ஆபத்தும் கூடும். திருப்பிப் பார்த்ததில் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது. சரி, தேய்க்க வேண்டாம்.

அடுத்து, பிலிமில் தெரியாத ஒன்று தெரிந்தது. குமிழின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு ஒரு சின்னக் குழாய் போனது. அதன் அகலம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் இருக்கும், ஆனால் உடம்பின் எதிர்ப்பக்கக் கைகாலை இயக்கும் நரம்புப் பாதைக்கு ரத்தம் கொடுப்பதே அதுதான். கிளிப்பில் அது சேர்ந்து மாட்டிக்கொண்டால் அந்த அம்மா எழுந்திருக்கும்போது இடது கையும் காலும் வராது. ஆபரேஷனில் நாங்கள் பார்ப்பது முன்பக்கம் மட்டும், இந்தக் குழாய் குமிழின் முதுகில் ஒளிந்திருக்கும். திரையில் நேர் கிளிப்பை வைத்துப் பார்த்தோம், அதன் நுனி குழாயைத் தொட்டது. லேசாக வளைந்த கிளிப்பை வேறு கோணத்தில் வைத்தோம், நுனி விலகி நின்றது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. எந்தக் கிளிப்பை ட்ரேயில் முதலில் எடுத்து வைக்க வேண்டும் என்று ராத்திரியே தியேட்டர் சிஸ்டரிடம் சொல்லிவிட்டோம்.

மருத்துவத்தில் சிமுலேஷன் என்பார்கள். எனக்கு ஒத்திகை என்ற சொல்தான் பிடிக்கும். சென்ட்ரல் எதிரே இருக்கும் ஜி.எச்.சில் டாக்டர் பி. ராமமூர்த்தி 1950-ல் நரம்பியல் அறுவை சிகிச்சையைத் தொடங்கியபோது ஸ்கேன் மெஷினே கிடையாது. கழுத்துக் குழாயில் ஊசி குத்திச் சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுப்பார்கள். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று தட்டையான படங்களைப் பார்த்துத் தங்கள் மனசுக்குள்ளேயே முழு உருவத்தையும் கட்டிக்கொண்டு போய் ஆபரேஷன் செய்த தலைமுறை அது. இன்று அந்த உருவத்தை நானும், என் ஜூனியர்களும், மயக்க மருந்து டாக்டரும், காயில் வைக்கும் டாக்டரும் ஒரே திரையில் பார்த்துப் பேச முடிகிறது. "இது கிளிப்புக்கு வேண்டாம், காயிலுக்கு அனுப்பலாம்" என்று ஒத்திகைக்குப் பிறகு முடிவை மாற்றியதும் உண்டு.

ஆனால் ஒத்திகையை அப்படியே நம்பிவிடவும் கூடாது. திரையில் மூளை நெகிழாது, ரத்தம் வராது. முடி போன்ற நுண்குழாய்கள் ஸ்கேனில் தெரியாது. குமிழின் சுவர் எந்த இடத்தில் காகிதம் போல மெலிந்திருக்கிறது என்றும் தெரியாது. அந்த அம்மாவுக்கே, மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்த்தபோது குமிழின் கழுத்தில் மஞ்சளாக ஒரு கொழுப்புப் படிவு கெட்டியாக இருந்தது. நாங்கள் தேர்ந்தெடுத்த கிளிப் முதல் முறை வழுக்கியது. அதன் மேல் இன்னொரு கிளிப் போட்டோம். பிறகு பச்சைச் சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பிலேயே பார்த்தோம். குமிழ் இருட்டாக இருந்தது, பின்னால் இருந்த சின்னக் குழாய் வெளிச்சமாக ஓடியது. அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

சிடி கிடைக்காமல் போன கதையும் ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வியாசர்பாடியிலிருந்து வந்த ஒரு பெரியவர், சர்க்கரையால் சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர். அவருக்கு ஸ்கேன் எடுத்த இடத்தில் தடித்த அடுக்குகளை மட்டும் சேமித்துவிட்டு, மெல்லிய அடுக்குகளை அழித்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் மறுபடி சாயம் ஏற்ற வேண்டி வந்தது. அந்தச் சாயம் பழுதான சிறுநீரகத்துக்கு நல்லதல்ல. அவர் பிழைத்தார், ஆனால் இரண்டு முறை டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது. அதை நினைக்கும்போது இன்னமும் எனக்கு மனசு ஆறவில்லை.

அதனால் தலையில் ஆஞ்சியோ ஸ்கேன் எடுத்தால் கவுன்டரில் இப்படிக் கேளுங்கள்: "மெல்லிய அடுக்குப் படங்கள் எல்லாம் டைகாமில் சிடியிலோ பென் டிரைவிலோ வேணும்." இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம், அது உங்கள் ஸ்கேன். வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றும்போது 108-ல் ஏறும் முன் அது கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காசிமேட்டு அம்மாவுக்கு அந்தத் தலைவலிக்குப் பத்து நாள் முன்பே வலது கண் இமை தொங்கியிருக்கிறது. பூச்சிக் கடி என்று நினைத்து மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டிருக்கிறார். பெருகிவரும் குமிழ் கண் இமையைத் தூக்கும் நரம்பை அழுத்தினால் இமை இப்படித் தொங்கும், கண்மணியும் விரியும். அன்றே வந்திருந்தால் வெடிக்கும் முன்பே அடைத்திருக்கலாம். திடீரென்று ஒரு இமை தொங்கினாலோ, நொடியில் உச்சத்துக்குப் போகும், இதுவரை அனுபவிக்காத தலைவலி வந்தாலோ, வலி மாத்திரை போட்டுப் படுக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். பிரஷர் இருப்பவர்களும் பீடி, சிகரெட் பிடிப்பவர்களும் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கூடப்பிறந்தவர், அம்மா, அப்பா என்று நெருங்கிய ரத்த உறவில் இரண்டு பேருக்கு இது வந்திருந்தால், ஒன்றும் இல்லாதபோதே ஒருமுறை டாக்டரைப் பார்த்துக் கேட்டுவிடுங்கள்.

மூன்று மாதம் கழித்து அந்த அம்மா வந்தார். இமை முக்கால்வாசி ஏறியிருந்தது. ஐஸ் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்களால் ஒரு பிளாஸ்டிக் கவரைப் பிரித்தார். உள்ளே ரேஷன் கார்டு, காப்பீட்டுத் திட்ட அட்டை, அந்த சிடி. "கிளிப்பு எங்கம்மா இருக்கு, காட்டு" என்றார். திரையில் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். டைட்டானியம் கிளிப் என்று எழுதிய கார்டைக் கொடுத்து, எப்போது எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் இதை முதலில் காட்ட வேண்டும் என்றேன். அதையும் சிடியோடு சேர்த்து அதே கவருக்குள் வைத்து, இரண்டு சுற்று ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டார்.