மின்தடை: சொல்லும் கணக்கும்

மின்தடை என்ற சொல் இன்று தமிழில் இரு வேறு பொருள்களில் வழங்குகிறது. மின்சாரம் வராமல் நின்றுபோவதைச் செய்திகளும் அறிவிப்புகளும் மின்தடை என்கின்றன. ஒரு கடத்தி தன் வழியே செல்லும் மின்னோட்டத்துக்குத் தரும் தடங்கலின் அளவை இயற்பியல் மின்தடை என்கிறது. முன்னது ஒரு நிகழ்வு, பின்னது ஓர் அளவு. நிகழ்வைக் குறிக்க மின்வெட்டு, மின்நிறுத்தம் என்ற தெளிவான சொற்கள் இருப்பதால், மின்தடையை அளவுக்கே ஒதுக்கிவிடுவது நல்லது என்பது என் கருத்து.

உடு என்பதிலிருந்து உடையும் கொடு என்பதிலிருந்து கொடையும் பிறந்ததுபோல, தடு என்ற வினையிலிருந்து தடை பிறந்தது. மின் என்பதோ சங்கப் பாடல்களில் வானத்து மின்னலைக் குறித்த பழஞ்சொல். இந்த அளவை ஆங்கிலத்தில் குறிக்கும் ரெசிஸ்டன்ஸ் என்ற சொல், எதிர்த்து நிற்றல் என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அதை அப்படியே பெயர்த்தால் எதிர்ப்பு என்றுதான் வரும். ஆனால் மின்னெதிர்ப்பு என்பதை, திசை மாறி மாறி ஓடும் மாறுதிசை மின்னோட்டத்தில் வரும் இம்பிடன்ஸ் என்ற வேறோர் அளவுக்குத் தமிழகப் பாடநூல்கள் வைத்துக்கொண்டன. ஆகவே மின்தடை என்பதே இங்குப் பொருத்தமானது. தடை என்றதும் முற்றாக நிறுத்துவது என்ற எண்ணம் எழுவது இச்சொல்லின் ஒரே குறை. அந்த எண்ணம் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விலகிவிடும்.

ஒரு கடத்தியின் இரு முனைகளுக்கு இடையே உள்ள மின்னழுத்த வேறுபாட்டை அதில் ஓடும் மின்னோட்டத்தால் வகுத்தால் கிடைப்பது மின்தடை. 12 வோல்ட் அழுத்தத்தில் 2 ஆம்பியர் ஓடினால் மின்தடை 6 ஓம். அதே 12 வோல்ட்டுக்கு 4 ஆம்பியர் ஓடினால் 3 ஓம். இரண்டிலும் மின்னோட்டம் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது; ஓர் ஆம்பியரை ஓட்ட எத்தனை வோல்ட் தேவைப்படுகிறது என்பதைத்தான் மின்தடை சொல்கிறது.

ஓம் என்ற அலகுப் பெயர், 1789இல் எர்லாங்கனில் பிறந்த ஜெர்மானிய அறிஞர் கியோர்க் சைமன் ஓமின் நினைவாக வைக்கப்பட்டது. அக்கால மின்கலங்களின் அழுத்தம் நிலையாக நிற்காததால், அவர் இரு உலோகங்களின் சந்திப்புகளை வெவ்வேறு வெப்பநிலையில் வைத்து மின்னோட்டம் பெறும் வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்தி அளந்தார். முடிவுகளை 1827இல் நூலாக வெளியிட்டார். உரிய மதிப்பு உடனே கிடைக்கவில்லை. இலண்டன் ராயல் கழகம் கோப்ளி பதக்கம் அளித்தது 1841இல்தான்.

அவர் கண்ட விதியையும் மேலே சொன்ன வரையறையையும் ஒன்றெனக் கொள்வது பரவலான பிழை. அழுத்தத்தை ஓட்டத்தால் வகுப்பது வரையறை. அது எந்தக் கடத்திக்கும் எந்தக் கணத்திலும் பொருந்தும். வெப்பநிலை மாறாதிருக்கும்போது உலோகக் கடத்தியில் அந்த ஈவு மாறாமல் இருக்கும் என்பதே ஓம் விதி. இழை பல்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 240 வோல்ட்டில் எரியும் 60 வாட் பல்பில் கால் ஆம்பியர் ஓடுகிறது. வகுத்தால் 960 ஓம். பல்பை அணைத்து, ஆறிய பின் மின்தடை அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் காட்டாது. மீட்டர் பழுதில்லை. டங்ஸ்டன் இழை வெண்சூடாகும்போது அதன் மின்தடை அவ்வளவு உயர்கிறது. ஆகையால் எரியும் நிலையின் மின்தடை வேண்டுமென்றால், எரியும்போதே அழுத்தத்தையும் ஓட்டத்தையும் அளந்து வகுக்க வேண்டும்.

அதே இரண்டு அளவுகளை வகுக்காமல் பெருக்கினால் கிடைப்பது மின்திறன், அலகு வாட். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 24 வாட். ஒரு நொடியில் எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்ற வீதமே திறன். தமிழக வழக்கில் இது திறன், மொத்தமாகச் செலவாவது ஆற்றல். இலங்கை வழக்கில் முறையே வலு, சக்தி. இரு வழக்குகளும் தம்மளவில் சீரானவை. ஒரே கட்டுரையில் கலந்து எழுதும்போதுதான் குழப்பம் வருகிறது. திறனை நேரத்தால் பெருக்கினால்தான் ஆற்றல் வரும் என்பதால், 24 வாட் கருவி ஐந்து மணி நேரம் இயங்கினால் செலவாகும் ஆற்றல் 120 வாட்-மணி.

மின்தடை கூடினால் வெப்பம் கூடுமா, குறையுமா என்ற கேள்விக்கு, எது மாறாமல் இருக்கிறது என்று பார்த்தே விடை சொல்ல வேண்டும். 12 வோல்ட்டில் தனித்தனியே இணைத்தால் 6 ஓம் 24 வாட்டும், 3 ஓம் 48 வாட்டும் எடுக்கும். அங்கே குறைந்த மின்தடையே அதிகம் சூடாக்குகிறது. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைத்து 2 ஆம்பியர் செலுத்தினால் 6 ஓமில் 24 வாட், 3 ஓமில் 12 வாட். ஓட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கியே இந்த வெப்பத்தைக் கணக்கிடுகிறோம். இதை ஆங்கிலேய இயற்பியலாளர் ஜூல் 1841இல் வெளியிட்டார்.

இவையெல்லாம் ஒரே திசையில் ஓடும் நேர்மின்னோட்டத்துக்கும், மாறுதிசை மின்னோட்டத்தில் இயங்கும் ஹீட்டர் போன்ற கருவிகளுக்கும் பொருந்தும். மோட்டார்போல் கம்பிச்சுருள் உள்ள கருவியில் மாறுதிசை மின்னழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் வருவது மின்தடை அன்று, மின்னெதிர்ப்பு. பெருக்கி வருவதையும், அதில் எத்தனை பங்கு உண்மையில் செலவாகிறது என்று காட்டும் திறன் காரணி என்ற எண்ணால் பெருக்கினால்தான் உண்மையான மின்திறன் கிடைக்கும்.