வேன் கூரையில் ஒரு பழுப்புப் புள்ளி: வளையும் சோலார் பேனல் ஏன் சீக்கிரம் கெடுகிறது?

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து ஒரு வாசகர் படம் அனுப்பியிருந்தார். கேம்பர் வேன் (தங்கிச் சுற்றுலா போகும் வண்டி) கூரையில் ஒட்டிய 100 வாட் வளையும் சோலார் பேனல். வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஓரத்து செல் ஒன்றில் டாலர் நாணய அளவுக்குப் பழுப்பாக ஒரு புள்ளி. அதன் நடுவில் மேல்தாள் கொப்புளம் கட்டியிருந்தது. “அண்ணா, போன ஜூலையில் குடும்பத்தோடு கிப் ரிவர் ரோடு போய் வந்தோம். அதற்கப்புறம் பேட்டரி சரியாக ஏறாமல், ராத்திரியில் ஃப்ரிட்ஜ் நின்றுவிடுகிறது. வளையும் பேனல்தானே, குலுங்கினாலும் உடையாது என்று நம்பி வாங்கினேன். கண்ணாடி பேனலுக்கு மாறிவிடட்டுமா?”

மாறிவிடுங்கள். ஆனால் அந்தப் புள்ளி எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

சோலார் செல் வெளிச்சத்தை மின்சாரமாக்கும் கதை பள்ளிப் பாடத்திலேயே வந்துவிட்டது, அதைத் தாண்டிப் போகலாம். இங்கே முக்கியமானது ஒன்றுதான்: கடையில் கிடைக்கும் வளையும் பேனல்களில் பெரும்பாலானவற்றுக்குள் இருப்பது கண்ணாடி பேனலில் உள்ள அதே சிலிக்கன் வில்லை; செல் என்பது அந்த வில்லைதான். தடிமன் ஏறத்தாழ 0.17 மில்லிமீட்டர், அதாவது இரண்டு மூன்று தலைமுடி கனம். சிலிக்கன் ஒரு படிகம்; இழுத்தால் நீளாது, விரிசல் விடும். கண்ணாடி பேனலில் அதற்கு மேலே 3.2 மில்லிமீட்டர் கெட்டிக் கண்ணாடி, சுற்றிலும் அலுமினியச் சட்டம். வளையும் பேனலில் அந்த இடத்தில் பிளாஸ்டிக் தாள்கள் மட்டும்தான். 100 வாட் கண்ணாடி பேனல் ஏழு கிலோ அளவுக்கு இருக்கும், வளையும் பேனல் இரண்டு கிலோதான். கையால் தூக்கி உயர்த்தும் கூரை உள்ள வேன்களில் இந்த வித்தியாசம் பெரிது. துளை போட வேண்டாம், காற்றுத் தடையும் குறைவு. வாங்குகிறவர்களைக் குறை சொல்ல முடியாது.

சரி, இவ்வளவு மெல்லிய வில்லை வளையாதா? தனியாக இருந்தால் ஓரளவு வளையும். எந்தப் பொருளை வளைத்தாலும் வெளிப்பக்கம் நீளும், உள்பக்கம் சுருங்கும், நடுவே நீளாமலும் சுருங்காமலும் ஓர் அடுக்கு இருக்கும். அந்த அடுக்கிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறோமோ அவ்வளவு இழுப்பு. ஒரு மீட்டர் ஆரமுள்ள வளைவில் தனி வில்லையின் மேற்பரப்பு நீள்வது 0.0085 சதவீதம்தான். அதையே பல தாள்களோடு சேர்த்து ஒட்டியபின் வில்லை அந்த நடு அடுக்கிலிருந்து அரை மில்லிமீட்டர் தள்ளி அமைந்துவிட்டால், அதே வளைவில் நீட்சி 0.05 சதவீதம் வரை போகலாம். கிட்டத்தட்ட ஆறு மடங்கு. பொரித்த அப்பளத்தை டயர் ரப்பர்மேல் ஒட்டிவிட்டு ரப்பரை வளைப்பது போலத்தான். வில்லையை வெட்டும்போதே அதன் ஓரங்களில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும். விரிசல் அங்கிருந்து புறப்படும்.

கிப் ரிவர் ரோடு மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் சுமார் 660 கிலோமீட்டர். பெரும்பகுதி மண் சாலை. மேற்பரப்பு முழுக்கத் தகரக் கூரையைப் போல அலை அலையாக இருக்கும். அதன்மேல் ஓடும் வேனின் கூரை மேளத்தோல் மாதிரி அதிரும், ஒட்டிய பேனலும் கூடவே அதிரும். செல்களை இணைக்கும் செம்பு ரிப்பனும் திரும்பத் திரும்ப மடங்கும். கம்பியை முன்னும் பின்னும் மடக்கி மடக்கி உடைப்போமே, அதேதான்.

இந்த விரிசல்களைப் பார்க்கும் வழி ஒன்று உண்டு. சோலார் தொழில்நுட்பத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பேனலை இருட்டறையில் வைத்து, வெளியிலிருந்து அதற்குள் மின்சாரத்தைச் செலுத்துவார்கள். வெளிச்சம் விழுந்தால் மின்சாரம் தருகிற அதே செல், மின்சாரம் கொடுத்தால் வெளிச்சம் தரும். சோலார் செல் அப்போது ஒரு பெரிய, மங்கலான எல்ஈடி விளக்காகிவிடுகிறது. அந்த ஒளி 1150 நானோமீட்டர் அளவில், அகச்சிவப்பில் இருப்பதால் நம் கண்ணுக்குத் தெரியாது, அதற்கேற்ற கேமராவுக்குத் தெரியும். நல்ல செல் முழுவதும் சாம்பல் வெளிச்சமாக ஒளிரும். விரிசல் கருப்புக் கோடாகத் தெரியும். விரிசலைத் தாண்டிச் சென்று மின்சாரத்தைச் சேகரிக்கும் வெள்ளி இழைகளும் அறுந்திருந்தால், அந்தத் துண்டு முழுதும் இருண்டு கிடக்கும். மேசைமேல் பளபளவென்று புதிதாகத் தெரியும் பேனல், இருட்டில் காய்ந்த ஏரித்தரை போல வெடித்திருப்பதைப் படத்தில் முதல்முறை பார்த்தபோது எனக்கு மூச்சே நின்றது.

இருண்ட துண்டுதான் வினை. 100 வாட் பேனலில் பெரும்பாலும் 32 முதல் 36 செல்கள் வரிசையாகக் கோர்க்கப்பட்டிருக்கும். எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம்தான் ஓட வேண்டும். மற்றவை ஐந்து ஆம்பியர் தரத் தயாராக இருக்கும்போது, பாதி துண்டிக்கப்பட்ட செல்லால் மூன்றுகூடத் தர முடியாது. மற்ற செல்கள் சேர்ந்து அதைத் தள்ளும். மின்சாரம் தர வேண்டிய செல், மின்சாரத்தைத் தின்னும் செல்லாக மாறிவிடும். 18 செல்லுக்கு ஒரு பைபாஸ் டயோடு (கெட்ட செல்லைச் சுற்றி மின்னோட்டத்துக்கு மாற்றுவழி தரும் பாகம்) இருந்தாலும், மீதி 17 செல்களின் எட்டு வோல்ட் சொச்சம் அந்த ஒற்றைச் செல்மேல் விழலாம். மூன்று ஆம்பியர் என்றே வைத்தாலும் 25 வாட். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னின் சக்தி அது. செல் முழுக்கப் பரவினால் தாங்கிக்கொள்ளலாம், பரவாது. எங்கே குறை இருக்கிறதோ அங்கேயே குவியும். நாணய அளவுப் பழுப்புப் புள்ளி வந்தது இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

கண்ணாடி பேனலிலும் விரிசலும், ஹாட் ஸ்பாட் எனப்படும் இந்தச் சூட்டுப் புள்ளியும் வருவதுண்டு. ஆனால் அதன் முதுகுப்புறம் காற்று ஓடும். கூரையோடு ஒட்டிய பேனலுக்கு அந்த வழி இல்லை. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சிலிக்கன் பேனலின் திறன் சுமார் 0.35 சதவீதம் குறையும். 70 டிகிரியில் 16 சதவீதம் போய்விடும், 85 டிகிரியில் 21. திறனைவிட எனக்குக் கவலை பசையும் தாளும்தான். மேல்தாள் தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக் என்றால் வெயிலில் மஞ்சளாகி வெடிக்கும். ஈடிஎஃப்ஈ (ETFE) என்ற வெயில் தாங்கும் பிளாஸ்டிக் என்றால் பல வருடம் தெளிவாக நிற்கும். பெய்ஜிங்கில் 2008 ஒலிம்பிக் நீச்சல் அரங்கைப் போர்த்தியிருப்பது அந்தத் தாள்தான். எஃகுத் தகட்டில் சில மைக்ரோமீட்டர் கனத்துக்குப் பூசும், சிலிக்கன் இல்லாத சிஐஜிஎஸ் (CIGS) வகை செல்தான் உண்மையாகவே வளையக்கூடியது, ஆனால் விலை கூடுதல், அதே வாட்டுக்கு இடமும் அதிகம் வேண்டும்.

கண்ணாடி பேனலுக்கு 25 வருட வாரண்டி சும்மா வந்துவிடவில்லை. 1975ல் அமெரிக்காவின் ஜெட் ப்ராபல்ஷன் லேப் என்ற நாசா ஆய்வுக்கூடம் அரசுப் பணத்தில் ஒரு திட்டம் தொடங்கி, பத்தாண்டு போல நடத்தியது. பேனல்களைத் தவணை தவணையாக வாங்கி, சூடாக்கி, உறையவைத்து, பனிக்கட்டி எறிந்து, எது எப்படிக் கெடுகிறது என்று எழுதிவைத்தார்கள். பேனல்களுக்கான இன்றைய சர்வதேசத் தரச் சோதனையான ஐஈசி (IEC) 61215க்கு அடித்தளம் அந்த வேலை: மைனஸ் 40க்கும் 85 டிகிரிக்கும் இடையே 200 முறை, 85 டிகிரியில் 85 சதவீத ஈரப்பதத்தில் 1000 மணி நேரம், 25 மில்லிமீட்டர் பனிக்கட்டி வினாடிக்கு 23 மீட்டர் வேகத்தில். செய்தியில் வருவது திறன் சாதனைகள்தான். ஒரு பொருள் எப்படிச் சாகிறது என்று பொறுமையாகப் பார்க்கிற ஆய்வுக்கும் அரசுகள் பணம் தர வேண்டும். வேன் பேனல் மாதிரி சின்னப் பொருள்களை பெரும்பாலும் யாரும் அப்படிச் சோதித்துச் சொல்லாததால்தான், விளம்பரத்தில் உள்ள ‘வளையும்’ என்ற சொல்லை நம்பி ஒரு குடும்பம் கிம்பர்லிக்குப் போகிறது.

தம்பி, கூரை எடை தாங்குமென்றால் கண்ணாடி பேனலே வாங்குங்கள். கூரைக்கும் அதற்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி விட்டு, ஒவ்வொரு மண் சாலைப் பயணத்துக்குப் பிறகும் போல்ட்டுகளை முடுக்குங்கள். தாங்காதென்றால், ஐஈசி 61215 தேறிய ஈடிஎஃப்ஈ பேனலை நேரே தகரத்தில் ஒட்டாமல், உங்கள் ஊர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் உள்ளே குழல் குழலாக இருக்கும் பிளாஸ்டிக் தட்டிமேல் ஒட்டுங்கள். பேனல்மேல் முழங்கால் ஊன்றாதீர்கள். இப்போது இருப்பதை இனி ஒரு நாள்கூட வெயிலில் வேலை செய்ய விடவேண்டாம்: கனமான போர்வையால் மூடி, அப்புறம் ஒயரைக் கழற்றுங்கள். உரித்தெடுத்ததும், அந்தப் புள்ளிக்கு நேர் கீழே பெயிண்ட் எப்படி இருக்கிறது என்று ஒரு படம் அனுப்புங்கள்.