கேன்சர் ஊசில கம்பெனி பேரு மாறுனா பயப்படாதீங்க

மதுரைல ஒரு ஆஸ்பத்திரி பார்மசில கேன்சர் மருந்து பாக்குறேன். உசிலம்பட்டி, மேலூர் பக்கமிருந்து பேஷன்ட்டுக்குத் துணையா வர்றவங்க கேக்குறது பெரும்பாலும் ரெண்டே கேள்விதான். "போன தடவ வேற பேரு இருந்துச்சே சார், இது டூப்ளிகேட்டா?" இல்லாட்டி "இம்புட்டு பெரிய ஊசிக்கு எதுக்கு சார் இந்த சத்து மாத்திரை?"

நுரையீரல் கேன்சருக்குப் போடுற பெமெட்ரெக்செட்டையே எடுத்துக்குவோம். ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் பி12 ஊசியும் ஒரு வாரம் முன்னாடியே ஆரம்பிச்சாதான் கீமோ, இல்லேன்னா ரத்த அணு கொறைஞ்சு வாயெல்லாம் புண்ணாயிரும். இப்படி சேத்துக் கொடுக்குற முறைக்கே அமெரிக்காவுல எலி லில்லிங்கிற மருந்து கம்பெனி பேட்டன்ட் (வேற யாரும் பண்ணக்கூடாதுங்கிற உரிமை) வாங்கி வச்சிருந்தாங்க. அதே மருந்தச் செய்ய வந்த டெவா கம்பெனி மேல லில்லி கேஸ் போட்டுச்சு, டெவா அப்பீலுக்குப் போச்சு, ஊசி போடுறது டாக்டரு, மாத்திரைய முழுங்குறது பேஷன்ட்டு, இதுல நாங்க எங்க பேட்டன்ட்ட மீறுனோம்னு. டாக்டர் சொல்லித்தான் பேஷன்ட் முழுங்குறாரு, அப்படிக் கொடுக்கச் சொல்லி லேபிள்ல போடுறது நீங்கதானேன்னு 2017-ல அப்பீல் கோர்ட் லில்லி பக்கம் நின்னுருச்சு. அப்புறம் ஹாஸ்பிரா கம்பெனியும் நம்ம ஹைதராபாத் டாக்டர் ரெட்டீஸ் கம்பெனியும் மருந்தோட சேந்திருக்குற உப்ப மட்டும் மாத்திப் பாத்தாங்க, டைசோடியம்ங்கிற உப்புக்குப் பதிலா டைட்ரோமெத்தமைன். 2019-ல கோர்ட்ல அதுவும் எடுபடல. எனக்கு அந்தத் தீர்ப்பு ஓவராத்தான் படுது, பேட்டன்ட் அப்ளிகேஷன்ல டைசோடியம் மட்டும்னு சுருக்கிக்கிட்டதே லில்லிதானே!

நம்மூர்ல இந்த மாதிரி வம்புக்கு வழியில்ல. பேட்டன்ட் சட்டம் 3(ஐ) பிரிவுப்படி சிகிச்சை முறைக்கு இங்க பேட்டன்டே கிடையாது. பல கம்பெனி ஊசி, பல பேரு இருக்குறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

அதுக்காக யாரு வேணா செஞ்சுரலாம்னு நெனைக்காதீங்க. மாத்திரை வயித்துக்குள்ள போகுது, இது நேரா ரத்தத்துல போகுது, ஒரு கிருமி இருந்தாலும் போச்சு. இந்தப் பவுடர் மருந்துக் குப்பிய சீல் பண்ணதுக்கப்பறம் சூடு வச்சுக் கிருமி கொல்ல முடியாது, மருந்தக் கரைசலா இருக்கப்பவே 0.22 மைக்ரான் ஃபில்டர்ல வடிகட்டி, சுத்தமான ரூம்ல நெரப்பி, அப்புறம் ஒறைய வச்சு உலர்த்தணும். ஆளும் மெஷினும் ஒழுங்கா இருக்கான்னு பாக்க மருந்துக்குப் பதிலா கிருமி வளர்ற திரவத்த நெரப்பி 14 நாள் வச்சிருப்பாங்க, ஏதாச்சும் வளந்துச்சுன்னா எங்க தப்புன்னு தோண்டித் துருவிப் பாத்துட்டுத்தான் மறுபடி அந்த மெஷின்ல மருந்து நெரப்பணும். இந்த செலவ எல்லாராலயும் தாங்க முடியாது.

வெல கம்மின்னாலும் சந்தேகம் வருது சிலருக்கு. 2019-ல 42 கேன்சர் மருந்துக்கு வியாபார லாபம் 30 சதவீதத்துக்கு மேல கூடாதுன்னு அரசாங்கமே கட்டுப்படுத்துச்சு, அட்டைல போட்ட வெலைக்கும் வியாபாரிங்க வாங்குற வெலைக்கும் முன்னாடி அவ்ளோ வித்தியாசம் இருந்துச்சு. பிராண்டு பேர விட்டுட்டு அடியில இருக்குற மருந்துப் பேரையும் மில்லிகிராமையும் சீட்டோட ஒத்துப் பாருங்க, பேட்ச் நம்பர் போட்ட பில் கேட்டு வாங்குங்க, பில் இல்லாம "நான் கம்மியா வாங்கித் தரேண்ணே"ன்னு வர்ற ஆளுகிட்ட மட்டும் போயிராதீங்க. பெமெட்ரெக்செட்டோட கொடுக்குற அந்த ஃபோலிக் ஆசிட் சத்து மாத்திரைய கீமோ முடிஞ்சதும் தூக்கிப் போடுறாங்க நெறைய பேரு, கடைசி ஊசிக்கு அப்புறமும் 21 நாள் அத முழுங்கணும்.