விஞ்ஞான் யுவா விருது: பயோகெமிஸ்ட்ரி ஆளுங்க எந்தத் துறையில போடணும்?

முன்னாடி சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசுன்னு இளம் விஞ்ஞானிகளுக்கு சிஎஸ்ஐஆர் (மத்திய அரசோட அறிவியல் ஆராய்ச்சி அமைப்பு) குடுத்துட்டு இருந்துச்சுல்ல, அதுதான் இப்போ மத்திய அரசோட தேசிய அறிவியல் விருதுகளான ராஷ்ட்ரிய விஞ்ஞான் புரஸ்காருக்குள்ள வந்து விஞ்ஞான் யுவா - சாந்தி ஸ்வரூப் பட்நாகர்னு ஆயிருக்கு. 2024லதான் முதல் தடவை குடுத்தாங்க. 45 வயசு வரைக்கும் உள்ளவங்களுக்கு, வருஷத்துக்கு அதிகபட்சம் 25 பேர். முதல் வருஷம் 18 பேருக்குத்தான் கிடைச்சுது. கவர்மென்ட் லேப்ல இருக்கணும்னு கட்டாயம் இல்ல, பிரைவேட்ல இருந்தாலும், எந்த நிறுவனத்துலயும் சேராம தனியா வேலை பண்ணாலும் தகுதி உண்டு, வெளிநாட்டுல இருக்கிற இந்திய வம்சாவளிக்காரங்களும் வரலாம்.

நிறைய பேர் குழம்புறது துறை விஷயத்துலதான். மொத்தம் 13 துறை, அதுல பயோகெமிஸ்ட்ரின்னு தனியா ஒண்ணு கிடையாது. கெமிஸ்ட்ரி இருக்கு, பயாலஜிக்கல் சயின்ஸ் இருக்கு. 2024 லிஸ்ட்டையே பாருங்க, அதுல ரெண்டு பேர், ரெண்டு பேருமே போபால் ஐசர் (மத்திய அரசோட அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்), ரெண்டு பேரோட வேலையும் புரோட்டீன்லதான். புரோட்டீன்ல குறிப்பிட்ட ஒரு இடத்துல மட்டும் கெமிக்கல் மாற்றம் பண்ற விஷால் ராய்க்கு கெமிஸ்ட்ரியில குடுத்தாங்க, செல் சவ்வுல உக்காந்திருக்கிற புரோட்டீன்களை ஆராயுற மகாலட்சுமிக்கு பயாலஜிக்கல் சயின்ஸ்ல குடுத்தாங்க. அதனால உங்க டிபார்ட்மென்ட் பேரு என்னன்னு பாக்காதீங்க, நீங்க புதுசா கண்டுபிடிச்சது ரியாக்‌ஷனா இல்ல உயிருக்குள்ள நடக்கிற ஒரு வேலையோட விளக்கமான்னு யோசிச்சு அந்தப் பக்கம் போங்கன்னுதான் நான் சொல்வேன்.

பணம்? பழைய பரிசுல 5 லட்சமும், அது போக 65 வயசு வரைக்கும் மாசம் 15,000 ரூபாயும் இருந்துச்சு. இப்போ பதக்கமும் சான்றிதழும் மட்டும்தான். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம், சின்ன யுனிவர்சிட்டியில ஃபண்ட் இல்லாம லேப் நடத்துறவங்களுக்கு அந்தத் தொகை பெரிய தெம்பு. ஆனா ஜனாதிபதி கையால ராஷ்டிரபதி பவன்ல வாங்குறது சாதாரண விஷயம் இல்ல, அந்தப் பேருக்கு ஒரு மதிப்பு இருக்கு. அதே மேடையிலதான் 2024ல, சென்னை பிரசிடென்சி காலேஜ்ல கெமிஸ்ட்ரி படிச்ச பயோகெமிஸ்ட் கோவிந்தராஜன் பத்மநாபன் இந்த விருதுகள்லயே பெரிய விருதான விஞ்ஞான் ரத்னா வாங்கினாரு, அவரு பழைய பட்நாகர் பரிசும் வாங்கினவருதான்.

நாமினேஷன் எல்லாம் ராஷ்ட்ரிய புரஸ்கார் போர்ட்டல்ல ஆன்லைன்லதான். முதல் தடவை 2024 ஜனவரி 14ல இருந்து பிப்ரவரி 28 வரைக்கும் டைம் குடுத்தாங்க, அடுத்த வருஷ விருதுக்கு தேதி மாறிடுச்சு, அதனால பழைய தேதியை நம்பி உக்காந்திராதீங்க, போர்ட்டலை அடிக்கடி பாத்துக்கோங்க, 44 வயசு தாண்டினவங்க இந்த வருஷமே போட்டுடுங்க.